பதினொரு கருக்கள்

இந்தக் கதையைப் பல வருடங்களாக முழுதாக நம்ப முடிந்ததில்லை. சொன்னவர் முத்துவேலப்பன், பொய் பேசுகிற ஆள் இல்லை. கதை அத்தனை நன்றாக முடிகிறது என்பதுதான் உறுத்தியதோ என்னவோ.

முத்துவேலப்பன் நாற்பத்தாறு வயதில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தவர். வழிகாட்டி ஃபிலோமினா அவரைவிட ஏழு வயது இளையவர். அவர் ‘மேடம்’ என்பார். அந்தம்மா ‘சார்’ என்பார். இதற்குச் சிரிக்காதவர்கள் ஆய்வகத்தில் இல்லை.

ஆய்வு எலியின் கருவில். எட்டு செல் ஆனதும் கரு இறுகி ஒரே உருண்டையாகும். செல்லோடு செல்லைச் சேர்த்துப் பிடிப்பது ஒரு புரதம். கால்சியம் வந்து ஒட்டினால்தான் அதற்குப் பிடி கிடைக்கும். அந்தப் புரதத்துக்கான ஜீன் இல்லாத கரு இறுகாது என்று நிரூபிக்க ஐந்து வருடம் உழைத்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவில் நான்கு மாதம் மிச்சம்.

ஒரு நாள் காலை முத்துவேலப்பன் ஃபிலோமினாவிடம் நோட்டை நீட்டினார். பதினொரு வரிகள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. மூன்று வரிகள் அடிபடாமல் இருந்தன.

“என்ன சார் இது?”

“பதினாலு கருவுல ஜீன் இல்லைன்னு சோதனை சொல்லுது மேடம். மூணு இறுகல, சரி. இந்தப் பதினொண்ணும் நல்லா இறுகியிருக்கு. சோதனைக் குழாய் மாறியிருக்கும். கணக்குலேர்ந்து எடுத்துடலாமா?”

“பதினோரு தடவையுமா மாறும்? எங்க மாமியார்கூட உப்பை அத்தனை தடவை மறந்ததில்லை.”

முத்துவேலப்பன் சிரிக்கவில்லை. “நாலு மாசம்தான் இருக்கு மேடம்.”

“இன்னிக்குக் கரு இருக்கா?”

“இருபது இருக்கு. எல்லாம் இறுகிடுச்சு. எதுல ஜீன் இல்லைன்னு இன்னும் பார்க்கல.”

ஃபிலோமினா அவற்றைக் கால்சியம் இல்லாத திரவத்துக்கு மாற்றினார். சற்று நேரத்தில் இருபதும் தளர்ந்தன. மைக்ரோஸ்கோப்பில் எட்டெட்டுக் கோலிக்குண்டுகள். பிறகு பழைய திரவத்துக்கே மாற்றினார். இருவரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது இருபதும் மறுபடி இறுகியிருந்தன.

“தாய் எலிக்கும் தகப்பன் எலிக்கும் அந்த ஜீன் ஒரு பிரதிதான். இதுல கால்வாசியில ஜீன் இருக்காது. இல்லையா சார்?”

“ஆமா மேடம்.”

“கால்சியம் போனதும் அதுங்களும் விட்டுடுச்சு. அப்ப அதுங்க எதை வச்சுப் பிடிச்சுது?”

முத்துவேலப்பன் நெடுநேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“முட்டையிலேயே தாய் வச்சுட்டுப் போன புரதமா?”

“இருக்கலாம்.”

“அது எத்தனை நாளைக்கு வரும் மேடம்?”

ஃபிலோமினா நோட்டை அவர் கையில் வைத்தார்.

“அந்தக் கேள்வியைத்தான் சார் சிவப்பு மையில அடிச்சிருக்கீங்க.”

முத்துவேலப்பன் எப்போதும் இந்த இடத்தில் கதையை நிறுத்துவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். போன மாதம், தலையாட்டி முடித்த பிறகு, அவரிடம் கேட்டே ஆயிற்று:

“அந்தப் பதினொண்ணை மேடத்துக்கிட்ட காட்டினீங்க. அதுக்கு முந்தின நோட்டுகள்ல எத்தனை அடிச்சீங்க, சார்?”