உள்ளே விட்டது யார்?

கோமளா செருப்பை உதறிய வேகத்திலேயே ஆசிரமத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இன்றைக்கு யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று.

சுவாமினி சமையற்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கோமளாவைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் மகன் முகிலன் போன பிறகு கோமளா குருவாக ஏற்றுக்கொண்டது இவரைத்தான். துக்கம் கேட்க வந்தவர்களில் 'எல்லாம் விதி' என்று உளறாத ஒரே ஆள் இவர்.

"தீர்ப்பைப் பார்த்தீங்களா, சுவாமினி?"

"பார்த்தேன்."

"விடுதலையாம்! பாலம் தானா விழுந்துச்சாம். என் பையன் தானா போய் அது அடியில படுத்துக்கிட்டான் போல."

முகிலன் கல்லூரிக்குப் போக ஆற்றைத் தாண்டிய பாலம் அது. அன்றைய பொதுப்பணித்துறை அமைச்சர் பரிதிவேந்தனின் மைத்துனர் கட்டியது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இல்லை, சிமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் மண். மிச்சம் பிடித்ததெல்லாம் எந்த வீட்டுக்குப் போனது என்பது ஊருக்கே தெரியும். கோர்ட்டுக்கு மட்டும் தெரியவில்லை; அமைச்சரை விடுதலை செய்துவிட்டது.

"எனக்கு ஒரே கேள்விதான். இதுல யார் தப்பு? அரசு வக்கீலா, ஜட்ஜா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"அப்பீல் போகலாம்னு நம்ம வக்கீல் சொல்றார். வீட்டுக்காரர், போதும் கோமளா, விட்டுடுங்கறார். அரசு வக்கீல் மேல தப்புன்னா வேற ஆளை வெச்சு மோதிப் பார்க்கலாம். கோர்ட்டே இப்படித்தான்னா, படியேறி என்ன பிரயோஜனம்? வாயை மூடிக்கிட்டு வீட்டுல கிடக்கலாம். அதான் தெரியணும்."

"நீங்களே சொல்லுங்களேன்."

கேட்க வேண்டுமா? கோமளா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இடிஞ்ச பாலத்தைச் சோதனை பண்ணி, இதுல கம்பியும் இல்லை, சிமென்ட்டும் இல்லைன்னு சொன்ன நிபுணர் ஒருத்தர் இருக்கார். உயிரோடதான் இருக்கார். அரசு வக்கீல் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை. ஏன் சார்னு வராந்தாவுல மறிச்சுக் கேட்டேன். 'ஜட்ஜ் மனசுல வேற என்னவோ ஓடுது மேடம், நான் யாரைக் கூப்பிட்டு என்ன ஆகப் போகுது'ங்கறார். எப்படி இருக்கு?"

"ஜட்ஜ்?"

"அவர் இன்னும் ஒரு படி மேல. 'முக்கியமான சாட்சியை அரசுத் தரப்பு விசாரிக்கவில்லை'ன்னு தீர்ப்பிலேயே எழுதறார். அட, தெரியுதில்ல? நீங்களே கூப்பிடலாமே, சட்டத்துல இடம் இருக்கே! அடுப்புல பால் பொங்கி வழியறதைப் பார்த்துக்கிட்டே, 'வெச்சது மருமகதானே, அவளே இறக்கட்டும்'னு ஊஞ்சல்ல ஆடற மாமியாருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?"

சுவாமினி சிரிக்கவில்லை. ஒரு கொத்தை உருவி முடித்து அடுத்ததை எடுத்தார்.

அப்போது ஆசிரமச் செயலாளர் கங்காதரன் வேட்டி தடுக்க ஓடிவந்தார். "சுவாமினி, பரிதிவேந்தன் ஐயா வந்துக்கிட்டிருக்கார். விடுதலையானதுக்கு இன்னிக்கு அன்னதானம் அவர் உபயம். முனை திரும்பிட்டாங்களாம்."

சுவாமினி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு கீரையைப் பார்த்தார். கங்காதரன் ஓடிவிட்டார்.

வாசலில் பட்டாசு வெடித்தது. கோமளா என்ன ஏது என்று எழுந்து வெளியே வந்தாள். வந்தது தப்பாகப் போயிற்று. வழக்கு ஜெயித்து வருகிறவருக்குத் திருஷ்டி கழிக்காமல் உள்ளே விடுவதா? கங்காதரன் ஆரத்தித் தட்டோடு தவித்துக்கொண்டிருந்தார். கண்ணில் பட்ட முதல் சுமங்கலி கோமளா. அவள் யாருடைய அம்மா என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

"நீங்க வாங்கம்மா முன்னால!"

தட்டு கைக்கு வந்துவிட்டது. எதிரே பரிதிவேந்தன். சுற்றிலும் கேமரா, கரை வேட்டி, பல் தெரியச் சிரிக்கும் முகங்கள். வீசி எறிந்திருக்கலாம். அந்தச் சிவப்புத் தண்ணீரை அப்படியே அந்த வெள்ளைச் சட்டையில் கொட்டியிருக்கலாம். கல்யாண வீடு, காதுகுத்து என்று எத்தனையோ பேருக்குச் சுற்றிப் பழகிய கை, அது பாட்டுக்குச் சுற்றியது. விரலைத் தோய்த்து நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டது.

அவர் வாகாகக் குனிந்து கொடுத்தார்.

"நல்லா இருக்கியா தங்கச்சி? புள்ளைங்கல்லாம் சௌக்கியமா?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், கூட்டத்தோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய்விட்டார். வழக்கு நடந்த அத்தனை வருஷமும் கோர்ட்டில் அவருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இவள். முகம்கூட நினைவில்லை.

கோமளா சிவந்த விரலோடு சமையற்கட்டுக்குத் திரும்பினாள்.

"அந்த ஆளை ஏன் உள்ள விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்? செயலாளர் விட்டார்" என்றார் சுவாமினி.

பின்னாலேயே வந்த கங்காதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சுவாமினி இப்படிச் சொல்றீங்க! வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே? சொல்லியிருந்தா கேட்டைப் பூட்டியிருப்பேனே."

"வரலாமான்னு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வர்றார்னுதானே சொன்னீங்க."

"முடிவு உங்களோடது, சுவாமினி."

"கேட் உங்க பொறுப்பு."

"தலைமைன்னு இருக்கிறவங்க..."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" கோமளா போட்ட சத்தத்தில் கங்காதரன் நிலையில் முட்டிக்கொண்டார். "என் புள்ளையைக் கொன்ன ஆளுக்கு என் கையாலயே பொட்டு வெச்சுட்டு வந்து நிக்கறேன். நீங்க பந்து விளையாடறீங்களா?"

சுவாமினி கேட்டார்: "எங்க ரெண்டு பேர்ல யார் தப்பு, கோமளாம்மா?"

"ரெண்டு பேரும்தான்! அவர் கேட்கலை. நீங்க வாயைத் திறக்கலை. என் கையில தட்டு இருந்துச்சு, நான் கொட்டலை. நல்லா இருக்கு நம்ம ஆசிரமம்!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றாள். கூடத்திலிருந்து குரல் வந்தது: "ஐயா இலைக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயசம்!"

சுவாமினி கடைசிக் காம்பை ஒடித்துப் போட்டார்.

"எங்களை அப்புறம் விசாரிக்கலாம், கோமளாம்மா. நாங்க எங்கேயும் போயிட மாட்டோம். அங்க இப்பத்தான் பாயசம் போகுது. மோர் சாப்பிட்டுத்தான் அவர் எழுந்திருப்பார். அது வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு."