காதைப் பொத்திப் படித்த நரி

கார்த்திகை பிறந்ததும் ஜப்பானிலிருந்து நாற்பது வாத்துகள் பறந்து வந்து அல்லிக் குளத்தில் இறங்கின. அவற்றில் யுகி என்ற வாத்துக்கு இறங்கும்போது இறக்கை ஒடிந்துவிட்டது. பறக்க முடியாத வாத்தைக் கண்டதும் நரி வரதப்பனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் யுகியோ நடுக்குளத்தை விட்டு அசையவே இல்லை.

"அதுங்க பாஷையிலேயே கூப்பிட்டா தானா கரைக்கு வந்துடும்!" என்று நரி திட்டம் போட்டது.

ஜப்பானிய மொழிப் பரீட்சைக்குப் படித்த ஒருவரின் வீட்டிலிருந்து தப்பி வந்த கிளி ஒன்று புளியமரத்தில் இருந்தது. நரி அதனிடம் தினமும் பாடம் கேட்டு, வாக்கியம் வாக்கியமாக உருப்போட்டது. வாத்துகளின் இரைச்சல் தொந்தரவாக இருந்ததால், கிளி பாடம் சொல்லி முடித்ததும் இரண்டு காதிலும் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டது. எந்த மொழியைப் படிக்கிறதோ அந்த மொழிக்கே காதைப் பொத்திக்கொண்ட புத்திசாலியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

குளத்தில் மூக்காயி என்றொரு எருமை ஊறிக் கிடந்தது. வாத்துகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து பொழுதெல்லாம் அரட்டை அடித்தன. மூக்காயி அசைபோட்டபடி கேட்டுக்கொண்டே கிடந்தது. முதல் மாதம் வெறும் சத்தம். அடுத்த மாதம் எது சண்டை, எது கொஞ்சல் என்று பிடிபட்டது. தை முடிவதற்குள், யுகி ஊரை நினைத்துப் புலம்பினால் எருமையும் அசைபோடுவதை நிறுத்திவிடும்.

"என்ன மூக்காயி, நாள் முழுக்கத் தண்ணியில கிடக்கியே, நாலு வார்த்தை படிக்கக் கூடாதா?" என்று நரி கேலி செய்தது.

"நான் எங்கய்யா படிக்கிறது? காதுல விழுறது விழட்டும்!" என்றது எருமை.

மாசியில் ஒரு காலை, நரி பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கரையில் வந்து நின்றது. குனிந்து வணங்கியது. சுத்தமான ஜப்பானிய மொழியில் கடகடவென்று ஒப்பித்தது.

"வணக்கம்! நான் உங்கள் நண்பன். வயலில் நெல் சிந்திக் கிடக்கிறது. பறக்க முடியாத தங்கையை நான் சுமந்து போகிறேன்!"

வாத்துகள் பூரித்துப்போயின. கண்காணாத ஊரில் நம் பாஷை பேச ஒருத்தரா! யுகி நீந்திக் கரைக்கே வந்துவிட்டது. நரியின் வாய்க்கு இன்னும் இரண்டு அடிதான்.

மூக்காயிக்குப் பகீர் என்றது. அதுவரை வாத்துகளிடம் ஒரு வார்த்தையும் பேசியிராத அது, தட்டுத்தடுமாறி ஜப்பானிய மொழியிலேயே, "யுகி, நில்லு! அவன்கிட்ட ஏதாவது கேளு!" என்று கத்தியது.

யுகி திகைத்து நின்றது. பிறகு நரியைப் பார்த்துப் படபடவென்று, "என்னைத் திங்கத்தான் கூப்பிடுறீங்களாண்ணே?" என்று கேட்டது.

நரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளி இந்த வேகத்தில் பேசியதே இல்லை. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஹை! ஹை!" என்றது. வாத்துகளின் மொழியில் அதற்கு 'ஆமாம், ஆமாம்' என்று பொருள்.

"இறகோடவா, உரிச்சா?"

"ஹை!"

அவ்வளவுதான்! நாற்பது வாத்துகளும் ஒன்றாகப் பாய்ந்தன. மூக்கு, வால் என்று பார்க்காமல் கொத்தித் தள்ளின. நரி அலறிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடியது.

"நான் சரியாத்தானே பேசினேன்!" என்று கிளியிடம் அழுதது.

"நீ பேசினது சரி. அதுங்க பேசினது?" என்றது கிளி.

புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு மொழியின் சத்தத்துக்குள்ளேயே ஊறிக் கிடந்தவருக்குத்தான், மனப்பாடம் காலை வாரும் நேரத்தில் அந்த மொழி கைகொடுக்கும்.