சம்பந்திக்குத் தெரியாத தண்ணி

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் பறந்த விமானத்தில், ரைஸ்மில் முதலாளி ரத்தினவேலு மூன்று பெக் விஸ்கியை முடித்திருந்தார். பக்கத்து சீட்டில் வருங்காலச் சம்பந்தி தெய்வநாயகம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரும் குடியைத் தொடமாட்டார்கள் என்று நம்பித்தான் அவர் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

"இன்னொரு தண்ணி கொண்டு வாம்மா," என்று கண்ணடித்தார் ரத்தினவேலு.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பணிப்பெண் ஜெனிட்டா, "மூணுக்கு மேல தரக்கூடாது சார், ரூல்ஸ்," என்றாள்.

"உங்க கம்பெனி டைரக்டர் என் தோஸ்து. இறங்கினதும் உன் வேலை காலி." அவர் கத்திய கத்தலில் தெய்வநாயகம் விழித்துக்கொண்டார்.

"என்ன சம்பந்தி?"

ரத்தினவேலு சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "தண்ணி கேட்டேன். தரமாட்டேங்குது இந்தப் பொண்ணு."

"தாகத்துக்குத் தண்ணிகூடவா இல்லை? புகார் எழுதுங்க சம்பந்தி, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

ஜெனிட்டா ஒரு பெரிய பாட்டிலோடு வந்து கிளாஸ் நிறையப் பச்சைத்தண்ணீரை ஊற்றினாள். "இந்தத் தண்ணிதானே சார் கேட்டீங்க? வேற தண்ணின்னா சொல்லுங்க, இவர் முன்னாலயே ரூல்ஸை விளக்கிடறேன்."

"இதேதாம்மா," என்று ரத்தினவேலு ஒரே மடக்கில் குடித்தார்.

"பாவம், நாக்கு வறண்டு கிடந்திருக்கார். பாட்டிலை வச்சுட்டுப் போம்மா," என்றார் தெய்வநாயகம். காலியாகும்வரை அவரே ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்.

விமானத்தின் பின்கட்டுக்கு வந்தவளிடம் சீனியர் கேட்டாள்: "அந்த ஆளுக்கு நாலாவது தண்ணியும் குடுத்துட்டியா?"

"குடுக்கலைக்கா. காட்டினேன்."