பௌர்ணமிக் குடம்

மழைக்கு வழி மறந்துபோன ஒரு நாடு இருந்தது. அதை எயினன் என்றொரு அரசன் ஆண்டான். நல்லவன்தான், பொறுமை மட்டும் கிடையாது. எந்தக் காலத்தில் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பாட்டனாரின் பாட்டனாரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த நாட்டில் தண்ணீருக்கு இருந்த மரியாதை அரசனுக்குக்கூட இல்லை. கை கழுவிய நீரைக் கிண்ணத்தில் பிடித்து ஆட்டுக்கு வைப்பார்கள். குழந்தை ஒரு செம்புத் தண்ணீரைத் தட்டிவிட்டால், அன்று அந்த வீட்டுப் பெரியவர்கள் ஒரு வேளை பட்டினி கிடப்பார்கள். நனைந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட நாட்டுக்கு ராணியாக வந்தாள் குவளை. வடக்கே மலையடிவாரத்தில் இருந்த ஆற்று நாடுதான் அவள் பிறந்த இடம். அவர்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஆறு ஓடும். அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கிப் பழகியிருந்தாள். எயினனின் கோட்டையிலோ காற்றின் சத்தம் மட்டும்தான். பாவம், வந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

தாயைப் போய்ப் பார்க்கலாமென்றால், ராணி எல்லை தாண்டுவது அந்தக் குலத்தில் வழக்கமில்லை. தாய் வரலாமென்றால், பொட்டலைக் கடக்க அவள் முழங்காலில் பலமில்லை. ராணியின் ஏக்கம் அரசனுக்குப் பொறுக்கவில்லை. உன் ஆற்றையே உன் வாசலுக்குக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். மலையடிவாரத்திலிருந்து கோட்டை வரை ஒரு கால்வாய்.

செய்தி கேட்டுத் தாய் சொல்லியனுப்பினாள்: "கால்வாய் திறக்கிற அன்றைக்கு வாழைமட்டையில் ஒரு குவளைப் பூவைக் கட்டி மிதக்கவிடுவேன். அது உன்னிடம் வந்து சேர்ந்தால் நானே வந்ததாக நினைத்துக்கொள்."

தாய்க்கு இடது கைப் பழக்கம். அவள் போடும் நார் முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருக்கும். சிறு வயதில் குவளையும் அவள் தம்பியும் அதைச் சொல்லிக் கேலி செய்ததுண்டு. இப்போது அந்த முடிச்சை விரல்களால் தடவிப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கினாள்.

வேலையை நடத்த ஆற்று நாட்டிலிருந்து மருதவாணன் வந்தான். கால்வாய் வெட்டுவதில் கைதேர்ந்தவன். அவன் ஒரு விதி வைத்தான். ஒவ்வொரு பௌர்ணமியன்றும் மண்வெட்டிகளைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த மாதம் வெட்டிய துண்டின் தலைமாட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது கால்மாட்டுக்கு ஓடினால் மேலே வெட்டலாம். நின்றுவிட்டால், நின்ற இடத்தைத் திருத்திவிட்டுத்தான் மேலே வெட்ட வேண்டும்.

முதல் பௌர்ணமியில் ஊற்றினார்கள். தண்ணீர் பாதியில் நின்றது. திருத்தினார்கள். கூடியிருந்த சனங்கள் ஈரமண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அன்று பட்டினி கிடந்தார்கள்.

இரண்டாம் பௌர்ணமியில் ஊற்றினார்கள். தண்ணீர் முக்கால் தூரத்தில் நின்றது. திருத்தினார்கள். சனங்கள் அன்றும் பட்டினி கிடந்தார்கள், முணுமுணுக்கவும் செய்தார்கள்.

மூன்றாம் பௌர்ணமியில் தண்ணீர் சுமந்துவந்த ஒருத்தி குடத்தைக் கொடுக்க மறுத்துவிட்டாள். "மலை ஏறி இறங்கித் தூக்கி வந்த தண்ணி, சாமி. வீட்டுல பிள்ளைங்க நாக்கு வறண்டு கிடக்குதுங்க. இதை மண்ணுல கொட்டுறதுக்கு என் கையை வெட்டிப் போடுங்க" என்றாள்.

அரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலை நிற்கிறதே என்ற எரிச்சலும் அவனுக்கு உள்ளுக்குள் இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. இனி ஊற்ற வேண்டாம், வெட்டினால் போதும் என்று ஆணையிட்டான்.

மருதவாணன் பணிந்து சொன்னான்: "அரசே, எவ்வளவு தூரம் வெட்டினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். சரியாகத்தான் வெட்டினோமா என்பது தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும்."

அரசன் கேட்கவில்லை. மருதவாணன் ராணியிடம் போனான். நம் நாட்டுப் பெண், புரிந்துகொள்வாள் என்று நம்பினான். குவளைக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் பௌர்ணமிதோறும் வேலை நின்றால் அந்தப் பூ வந்து சேர இன்னும் எத்தனை நாளாகுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏக்கம் பொல்லாதது, கேட்டுக்கொண்டிருப்பவர்களே. எது வேண்டுமென்று ஏங்குகிறோமோ அதற்கே அது குழி பறிக்கும். மருதவாணன் ஊர் திரும்பினான்.

பிறகு வேலை பறந்தது. குன்றைக் கடந்தோம் என்று முரசு அறைந்தார்கள்; அரசன் விருந்து வைத்தான். முள்காட்டைக் கடந்தோம் என்று முரசு அறைந்தார்கள்; அரசன் பட்டாடை கொடுத்தான். கோட்டை தெரிகிறது என்று முரசு அறைந்தார்கள். அரசன் ஆடியே விட்டான். சாய்வு சரியாக இருக்கிறதா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கேட்டவனைத்தான் ஊருக்கு அனுப்பியாயிற்றே.

திறப்பு நாள் வந்தது. மலையடிவாரத்தில் மதகைத் தூக்கினார்கள். குவளை கோட்டை வாசலில் கால்வாய்க் கரையில் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்கக் காத்திருந்தாள். மறுநாளும் காத்திருந்தாள். மூன்றாம் நாள், புழுதி படிந்த முகத்தோடு ஒரு வீரன் குதிரையில் வந்தான்.

குன்றைத் தாண்டியதும் தண்ணீர் நின்றுவிட்டதாம். அங்கே விரலளவு மேடு தட்டியிருந்தது. அதையே மட்டமாக வைத்துக்கொண்டு அடுத்தடுத்த துண்டுகளை வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விரலளவு முழமாகி, கோட்டைக்கு வருவதற்குள் ஆளுயரம் ஆகியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு முள்காட்டில் பாய்ந்து மணலில் மறைந்துவிட்டது.

குவளை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வாழைமட்டையைப் பார்த்தாயா?"

பார்த்தேன் என்றான் வீரன். குன்றருகே சேற்றில் கவிழ்ந்து கிடந்ததாம். வெயிலில் சருகாகிவிட்டதாம்.

எயினன் தலை குனிந்து நின்றான். மருதவாணனைக் கூட்டிவரத் தானே ஆற்று நாடு வரை போனான். மருதவாணன் குத்திக்காட்டவில்லை. குன்றிலிருந்து திரும்ப வெட்ட வேண்டும் என்றான்; பௌர்ணமியன்று தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றான்.

அடுத்த பௌர்ணமியன்று குடத்தைச் சாய்க்க யாருக்கும் கை வரவில்லை. அப்போது குவளை வந்தாள், தனக்குக் குடிக்க வைத்திருந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு. "எல்லாவற்றையும் மணலுக்குக் கொடுத்துவிட்டோம். இந்தக் குடத்தையும் கொடுத்துவிட்டு, சரியாகப் போகிறோமா என்று தெரிந்துகொள்வோம்" என்று சொல்லி ஊற்றினாள். முன்பு குடத்தைக் கொடுக்க மறுத்தவளும் வந்து, அழுதுகொண்டே தன் குடத்தைச் சாய்த்தாள்.

அதன் பிறகு ஒரு பௌர்ணமியும் தப்பவில்லை. ஊற்றினார்கள், பார்த்தார்கள், திருத்தினார்கள். சனங்களும் பட்டினி கிடப்பதை விட்டுவிட்டார்கள். அது வீணாய்ப் போகிற தண்ணீரில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வருடங்கள் ஓடின. குவளையின் காதோரம் முடி நரைத்தது.

மறுபடியும் மதகைத் தூக்கினார்கள். இந்த முறை தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. குன்றைத் தாண்டி, முள்காட்டைத் தாண்டி, சலசலவென்று கோட்டை வாசலுக்கே வந்தது. சனங்கள் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டார்கள். பிள்ளைகள் நீரை வாரி இறைத்தார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை.

தண்ணீரோடு ஒரு வாழைமட்டையும் வந்தது. அதன்மேல் வாடிய குவளைப் பூ ஒன்று நாரால் கட்டியிருந்தது.

ராணி முழங்கால் நீரில் இறங்கி அதைக் கையில் எடுத்தாள். விரல்களால் முடிச்சைத் தடவினாள். அது வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

யார் கட்டியது என்று அவள் கேட்கவில்லை. அம்மா இப்போது இல்லை, அவள் வாக்கைத் தம்பி காப்பாற்றியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று இரவு கோட்டைக்கே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நாடே நிம்மதியாகத் தூங்கியது. குவளை மட்டும் தூங்கவில்லை.

கதை இவ்வளவுதான். இது சொல்லும் நீதி: எடுத்த காரியத்தை நடக்கும்போதே சோதித்துத் திருத்தாதவர்கள் காரியத்தை மறுபடி செய்து முடித்துவிடலாம், ஆனால் அதற்காகக் காத்திருந்தவர்களை மறுபடி பெற முடியாது.