மூணாம் உருக்கு

ஆனை கட்டி ஆண்ட ஒரு சீமையில, சடைச்சின்னு ஒருத்தி இருந்தா கண்ணுங்களா. இரும்பு உருக்குறது அவ வேலை. அவ புருசன் நல்லாண்டி, ராசாவோட ஆனைக்குப் பாகன்.

ஆனைக்கு மதம் புடிக்கிற நேரம். புதுச் சங்கிலி வேணும்னு ராசாவோட படைத்தலைவன், தளவாய், வந்து நின்னான். அவளும் இரும்ப மண்மூசையில, அதான் உருக்குற மண்கிண்ணத்துல, போட்டு உருக்குனா. மொத உருக்குல கசடு நுரையா மிதந்துச்சு, வழிச்சு எறிஞ்சா. ரெண்டாம் உருக்குல கொஞ்சம் வந்துச்சு, அதையும் எறிஞ்சா. அப்புறம் ஆறவெச்சு ஒரு துண்ட ஒடச்சுப் பாத்தா, உள்ள பொடிப்பொடியா கரும்புள்ளி.

"இன்னொரு தரம் உருக்கணும்யா. உள்ள அழுக்கு இருக்கு."

"நாளைக்கு ராசா பவனி. பளபளன்னுதானே இருக்கு?"

"மேலதான்யா பளபளப்பு."

அவன் கேக்கல. இரும்ப அள்ளிட்டுப் போயி வேற ஆள விட்டுச் சங்கிலி அடிச்சுட்டான்.

சடைச்சி புருசன்கிட்ட, "நீ போகாத"ன்னா.

"நான் போகலைன்னா வேற ஒருத்தன அனுப்புவாங்க. அவனுக்கு இந்த ஆனை அடங்காது புள்ள"ன்னான்.

போனான். முரசு கொட்டுனாங்க, ஆனை இழுத்துச்சு, சங்கிலி தாங்குச்சு. மறுபடி இழுத்துச்சு, தாங்குச்சு. மூணாவது இழுப்புல அறுந்துச்சு. சடைச்சி ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. தலைப்பாகைய வெச்சுத்தான் அது அவன்னு அடையாளம் சொன்னாங்க.

சபையில தளவாய் என்ன சொன்னான் தெரியுமா? "சங்கிலி நல்ல சங்கிலி. பாகன்தான் குடிச்சிருந்தான்."

சடைச்சி அழல. அறுந்த சங்கிலிக் கண்ணிய அங்கயே உலை மூட்டி மூசையில போட்டு, துருத்தி ஊதி உருக்குனா. கசடு கருப்பா மேல வந்து நின்னுச்சு. "குடிச்சிருந்தது பாகன் இல்ல ராசா, இந்த இரும்புதான்"ன்னா.

ராசா எட்டிப் பாத்தாரு. தளவாய் அப்பவும், "இத்துனூண்டு அழுக்குல இரும்பு அறுமா"ன்னான்.

"அறாதுல்ல? அப்ப மிச்சச் சங்கிலியில ஆனையக் கட்டி, நீயே நடத்திட்டு வா"ன்னாரு ராசா.

தளவாய் ஆனையப் புடிச்சுட்டு நடந்தான். வாசல் வரைக்கும் தாங்குச்சு. குளம் வரைக்கும் தாங்குச்சு. அதுக்கு அந்தாண்ட தாங்கல.

அப்புறம் சடைச்சி புதுசா இரும்பு போட்டு மூணு தரம் உருக்குனா. ஒடச்சுப் பாத்தா, ஒரு புள்ளி இல்ல. அதப் பாத்ததும்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு.

தன் அவசரத்துக்கு அடுத்தவன் உசிரப் பணயம் வெக்கக் கூடாதுடா கண்ணுங்களா. கதையும் ஆறிடுச்சு, கண்ண மூடுங்க.