நாச்சியார் காத்த உத்தரவு

மருதங்குளம் ஜமீன்தார் துரைசிங்கம், விருந்தில் உறவுக்காரர்கள் முன்னால் மனைவி வடிவு நாச்சியாரைப் பார்த்து, "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்று சொல்லிவிட்டார். அன்று மூடிய வாயை நாச்சியார் எட்டு நாளாகத் திறக்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது, வெந்நீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஜமீன்தாருக்குச் சோறு இறங்கவில்லை. தானே இறங்கிப் போகவும் மனம் வரவில்லை.

நாச்சியாருக்குத் தலைவாரிவிடும் இசக்கியைக் கூப்பிட்டார்.

"நாளை மத்தியானத்துக்குள்ள அவளே வந்து எங்கிட்டப் பேசணும். இல்லன்னா நீ மூட்டையைக் கட்டிக்க."

இசக்கிக்கு அந்த அரண்மனையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் பதறாமல் கைகட்டி நின்றாள்.

"வாயை மூடச் சொன்னது சாமி உத்தரவு. நாச்சியார் அதுபடி நடக்காக. சாமி உத்தரவை மீறச் சொல்லி நான் எப்படிச் சொல்ல?"

ஜமீன்தார் மீசையைத் தடவினார். "சரி, உத்தரவை எடுத்துட்டேன்னு போய்ச் சொல்லு."

"நாலு பேர் முன்னால போட்ட உத்தரவு சாமி. என் காதுல மட்டும் சொல்லி எடுத்தா செல்லுமா?"

ஜமீன்தார் அன்றே உறவுக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் அவர்கள் எல்லாருக்கும் அரண்மனையில் சாப்பாடு. இலை போட்டதும் ஜமீன்தார் எழுந்து நின்றார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. வடிவு, இனி நீ பேசலாம்."

நாச்சியார் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒன்பது நாளாச் சேர்த்து வச்சது நிறைய இருக்கு. முதல்ல சாப்பிடுங்க."

பந்தியே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் ஜமீன்தார்தான்.