கட்டை விரல்

பனி மூடிய ஏரியின் நடுவே ஒரு நாணல்தீவு. கரையில் நின்று பார்த்தால் அது தண்ணீரில் இல்லை, ஆகாயத்தில் மிதக்கிறது என்றுதான் தோன்றும். அரசனின் முரசு ஒலித்தால்தான் தீவுக்காரர்கள் வலை வீசலாம். சலித்துப்போனவர்கள் தன்னாட்சி கேட்டுவர மாசானத்தை அனுப்பினார்கள். மாட்டுத் தரகன், முன்கோபி, ஏமாந்து ஏமாந்தே பேரம் படித்தவன்.

அரசனிடமும் அவன் சந்தை வழக்கப்படி துண்டை விரித்து அதனடியில் கையை நீட்டினான். மறைவாக விரல் பிடித்துப் பேசும் அந்தப் பேரத்தில் ஐந்தையும் பிடித்தால் கேட்டதை முழுதாகத் தந்ததாக அர்த்தம். அரசன் சிரித்துக்கொண்டே நான்கு விரல்களைப் பிடித்தான். எல்லாம் உங்கள் இஷ்டம், கடைசியில் என்னை ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றான்.

மாசானத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "கேட்டுச் செய்றதுக்குப் பேரு வேற, மகாராஜா. கட்டை விரலையும் சேத்துப் பிடிங்க. இல்லன்னா துண்டை எடுத்துக்கிடுதேன்."

அரசன் ஐந்தையும் பிடித்தான்.

தீவே கூடி முதல் சட்டம் போட்டது: மீன்கள் நாணலுக்குள் சினை இறக்கும் பனி மாதத்தில் யாரும் வலை வீசக் கூடாது. அந்த வருடம் சேமித்த கருவாடெல்லாம் அடைமழையில் புழுத்துப்போனது. பனி மாதம் வந்தபோது மாசானத்தின் சின்ன மகள் பசியில் அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள். பனிக்குள்ளிருந்து அரசனின் படகு வந்தது. அரசர் இரங்கிவிட்டார், வலை வீசலாம் என்று உத்தரவு. எங்கள் ஏரிக்கு நாங்கள் போட்ட பூட்டு, சாவியை அவர் தர வேண்டாம் என்று மாசானம் படகைத் திருப்பிவிட்டான்.

அவன் தம்பி பலவேசம் காத்திருக்கவில்லை. "இனிமே என்னைக் கேக்க யாரு இருக்கா அண்ணே? இதுக்குத்தானே அஞ்சு விரலும் வாங்கிட்டு வந்த?" தனியாகப் படகைத் தள்ளி நாணலுக்குள்ளேயே வலையை வீசினான்.

மாசானம் தன் வலையைச் சுவரில் மாட்டிவிட்டு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தான். நாம் போட்ட சட்டம், செத்தாலும் மீறமாட்டேன் என்றான்.

"நாம போட்டதுதானே? போட்ட கை இன்னும் இருக்குல்லா?" என்றாள் மனைவி சுடலி. பனியில் வீடுவீடாகப் போய் எல்லாரையும் எழுப்பிக் கூட்டினாள். பலவேசத்தையும் இழுத்துவந்து உட்காரவைத்தாள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊருக்கு ஒரே வலை, குஞ்சுகள் தப்பிப்போகும் பெரிய கண்ணி, நாணல் பக்கம் போகாமல் நடு ஆழத்தில் மட்டும். மீன் முதலில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. மதியம் பனியோடு குழம்பு வாசனையும் தீவெங்கும் மிதந்தது.

பலவேசம், மாசானம், சுடலி மூவரும் தாங்கள் செய்ததைத் தன்னாட்சி என்றே சொன்னார்கள். உண்மையில் தன்னைத் தானே ஆண்டது யார்?

விடை: பலவேசம் இல்லை. அவிழ்த்துவிட்ட மாடும் இஷ்டத்துக்குத்தான் போகும், அதற்குத் தன்னாட்சி எதற்கு? மாசானம் அரசனைத் திருப்பி அனுப்பியது பெரிய காரியம்தான். ஆனால் தாங்கள் போட்ட சட்டத்தையே இன்னோர் அரசனாக்கி அதன் காலடியில் பிள்ளையைக் கிடத்திவிட்டான். சுடலிதான் ஆண்டாள். வெளியே யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, உள்ளே யாரையும் விட்டுவிட்டுப் போகவுமில்லை. சட்டத்தைப் போட்டவர்களே கூடித் திருத்தினார்கள். இதைச் சொன்னால் மாசானத்துக்கு இன்றும் கோபம் வரும். ஆனால் அன்று முள் எடுத்து மகளுக்கு மீன் ஊட்டியது அவனுடைய ஐந்து விரல்கள்தான்.